தராசு முள்ளை அசைக்காத விஷம்

அக்கா,

இடது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை. நேற்று ஊசி போட்ட இடம் புளியங்கொட்டை அளவுக்குக் கட்டிப்போயிருக்கிறது. சட்டையை மாற்றும்போது ஸ்பிரிட் வாசனை மெல்ல மேலே வந்தது. அவ்வளவுதான், கிளினிக் பெஞ்சில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தக் காலைக்கே போய்விட்டேன். நீங்கள் வலது கையை மடியில் மல்லாக்க வைத்துக்கொண்டு, யாரென்றே தெரியாத ஒரு மலாய்க்கார அம்மாவிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலையிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வீட்டைக் கூட்டினேன். கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினேன். வாசலுக்குப் போனேன், வந்தேன். உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. எதையும் நேராகச் சொல்ல எனக்கு எப்போது வந்தது?

எங்கள் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பெரியவர்களுக்கும் சின்னவர்களுக்கும் நீங்கள் அக்காதான். அம்மாவைவிட மூத்தவர் ஆயிற்றே என்று ஒரு முறை அத்தை என்று கூப்பிட்டுவிட்டேன். இன்னொரு தடவை அப்படிக் கூப்பிட்டால் காதைத் திருகிவிடுவதாகச் சொன்னீர்கள். உங்கள் வீட்டுக்காரரை மட்டும் மாமா என்று கூப்பிடலாமாம், அவருக்கு முடி நரைத்துவிட்டதாம்.

நான் ஆறாம் ஆண்டில் படிக்கும்போது எனக்கு அம்மை போட்டது. அம்மா தொழிற்சாலை பஸ்ஸில் போய்விடுவார். அப்பா லோரியில் எங்கேயாவது இருப்பார். வாசலில் வேப்பிலை செருகியிருந்ததால் யாரும் படியேறவில்லை. எதிர் வீட்டுப் பிள்ளைகள்கூட வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுதான் எட்டிப் பார்த்தார்கள். நீங்கள் மட்டும் வேலை முடிந்து, கால் சேற்றைக்கூடக் கழுவாமல் நேரே உள்ளே வந்து பாயருகில் உட்கார்ந்தீர்கள். உங்களுக்கும் வந்துவிடும் என்று சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. நீங்களே புரிந்துகொண்டீர்கள்.

"எனக்குச் சின்னதுலயே வந்துட்டுப் போயிருச்சு புள்ள. ஒரு தடவ வந்துட்டுப் போன ஒடம்புக்கு அவ மறுபடி வரமாட்டா. என்னைய ஒண்ணும் பண்ணாது."

அது உண்மைதான். உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. லயத்தில் எந்த வீட்டில் அம்மை போட்டாலும் நீங்கள்தான் உள்ளே போவீர்கள். மற்றவர்கள் வாசலில் பாத்திரத்தை வைத்துவிட்டு ஓடும்போது, நீங்கள் வேப்பிலையால் வருடிக்கொண்டே வம்பு பேசுவீர்கள். அந்தத் துணிச்சல் உங்களுக்குச் சும்மா வந்ததில்லை. ஒவ்வொரு தடவையும் அது சரியாகவே இருந்தது.

நான் சொறியாமல் இருக்க வேண்டும் என்றுதான் அன்றைக்கு அந்தக் கதையைச் சொன்னீர்கள். சபாக் பெர்ணம் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்தில் உங்கள் அப்பா வேலை செய்த காலம். சின்னப் பிள்ளையாக ஓடும்போது துருப்பிடித்த ஆணி காலில் ஏறியது. சில நாள் கழித்து வாய் திறக்கவில்லை. பல்லோடு பல் கிட்டிப்போய், உடம்பு வில் மாதிரி வளைந்தது. ரணஜன்னி என்றார்களாம். தோட்டமே உங்களைப் போய்ச் சேர்ந்தவளாக நினைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பல வாரம் கிடந்து, எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தீர்கள். திரும்பவும் சில ஊசிகளுக்கு வரச் சொன்னார்கள். அதற்குள் உங்கள் அப்பா இந்தத் தோட்டத்துக்கு வேலை மாறிவிட்டார். ஊசிக்குப் போகவில்லை. ஆனால் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டதை மறக்கவில்லை. அந்த வருடத்திலிருந்து திருவிழாவுக்குத் திருவிழா நீங்கள் பால்குடம் எடுத்தீர்கள்.

இதைக்கூட நீங்கள் சிரிப்புக் கதையாகத்தான் சொன்னீர்கள். "வாயத் தொறக்க முடியாமக் கெடந்தேன்ல, அப்ப சேத்து வச்சதத்தான் இன்னமும் பேசிக்கிட்டிருக்கேன்" என்றீர்கள். நான் கொப்புளங்களை மறந்து சிரித்தேன்.

படிவம் இரண்டோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அம்மாவின் இடுப்பு வலி என்று எல்லாரிடமும் சொன்னோம். அது பொய் இல்லை. ஆனால் வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும் என்பதும், நான் நிற்பதைப் பார்த்துப் பின்வரிசையில் சிரிப்பார்கள் என்பதும் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் என்னைத் திட்டவும் இல்லை, புத்தி சொல்லவும் இல்லை. "எனக்கு வந்த சீக்கு உனக்குத் தொண்டையில வந்திருக்கு" என்று சிரித்துவிட்டு, மறுநாள் உதிரிப் பழம் பொறுக்க என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். பேசுவதை நீங்கள் பார்த்துக்கொள்வதாகவும், நான் பொறுக்கினால் போதும் என்றும் சொன்னீர்கள்.

அப்படித்தான் நடந்தது. மாமா நீளக் கழியில் கட்டிய அரிவாளால், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலையை வெட்டித் தள்ளுவார். குலை விழுந்து சிதறிய பழங்களைப் புல்லுக்குள்ளிருந்தும் மட்டை இடுக்கிலிருந்தும் நாம் பொறுக்குவோம். சாக்கு நிறைந்ததும் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் நிறுக்க வருவார். அவர் எதிரில் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. நீங்கள் எனக்கும் சேர்த்துப் பேசினீர்கள். ஒரு நாள் எடை குறைத்துச் சொல்கிறார் என்று உங்களுக்குச் சந்தேகம். ஒரே ஒரு பழத்தைத் தராசுத் தட்டில் வைத்தீர்கள்.

"இதையும் நிறுங்க மண்டோரே."

"வெளையாடாத லா. முள்ளு எங்க அசையுது?"

"உங்க தராசுக்குக் கண்ணு தெரியலன்னா பழம் இல்லன்னு ஆயிருமா?"

மண்டோரே சிரித்துவிட்டார். அசையாத அந்த முள்ளை நான் ஏன் அவ்வளவு உற்றுப் பார்த்தேன் என்று தெரியவில்லை. இப்போது அதைத் தவிர வேறு எதையும் நினைக்க முடிவதில்லை.

போன வருடத் திருவிழாவில் நீங்கள் பால்குடம் எடுக்கவில்லை. முட்டி வீங்கியிருந்தது. வெயிலில் அவ்வளவு தூரம் நடக்க வேண்டாம், மாரியம்மன் கோவித்துக்கொள்ள மாட்டாள் என்று மாமா சொன்னார். நீங்கள் முணுமுணுத்துக்கொண்டே வீட்டிலிருந்து ஒரு சொம்புப் பாலைக் கொடுத்தனுப்பினீர்கள். கொஞ்ச நாள் கழித்துத்தான் அந்த முள். மட்டையை இழுத்துப் போடும்போது கட்டைவிரல் அடியில் ஏறி, பாதியில் முறிந்து உள்ளேயே நின்றுவிட்டது. நீங்கள் பல்லால் கடித்து மேலே தெரிந்ததை இழுத்துத் துப்பினீர்கள். சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்து அப்பினீர்கள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ கை உப்பி, சாக்கைப் பிடிக்க முடியாமல் போனபோதுதான் கிளினிக்குக்குக் கிளம்பினோம்.

நர்ஸ் மிஸி உங்கள் கையைக் கீறி, கறுத்துப்போன முள் துண்டை எடுத்துக் காட்டினார். கழுவிக் கட்டினார். மாத்திரை கொடுத்தார். பிறகு ரணஜன்னிக்கான டெட்டானஸ் ஊசி எப்போது போட்டது என்று மலாயில் கேட்டார். உங்கள் முகம் மலர்ந்ததே அக்கா, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் மாதிரி, ஆணியிலிருந்து ஆரம்பித்து முழுக்கதையையும் சொன்னீர்கள். அந்த வியாதியே வந்து போன ஆள் நான், எனக்கு எதற்கு ஊசி, வராதவர்களுக்குப் போடுங்கள் என்றீர்கள். மிஸி விடவில்லை. வந்திருந்தாலும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். போட்டால் நாளைக்குக் காய்ச்சல் வரும், பழம் மரத்தடியிலேயே அழுகிப்போகும், அப்புறம் வருகிறேன் என்று எழுந்துவிட்டீர்கள்.

வெளியே வந்து என்னிடம் சொன்னீர்கள்: "பாவம் சின்னப் பொண்ணு. அதுக்கு என்னா தெரியும்? எனக்கு வந்தப்ப அது பொறந்திருக்கவே இல்ல."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அம்மை எனக்குத் திரும்பி வரவில்லையே.

பிறகு ஒரு காலை. செம்பனை மரத்தடியில் சாக்கை விரித்து உட்கார்ந்தோம். போத்தலில் கொண்டுவந்த பாலில்லாத தே ஓவை ஊற்றி, பிஸ்கட்டைக் கையில் கொடுத்தேன். நீங்கள் அதை வாயருகே கொண்டுபோய் நிறுத்தினீர்கள். மறுபடி முயன்றீர்கள். முனை மட்டும் பல்லில் இடித்துப் பொடியாகி விழுந்தது. பல்வலி என்றீர்கள். என் வாய்ப்பூட்டு உங்களுக்கு ஒட்டிக்கொண்டது என்று கேலியும் செய்தீர்கள். ஆனால் கையைத் தாடையின் இரண்டு பக்கமும் வைத்து அழுத்திப் பார்த்தபோது உங்கள் கண் வேறு எங்கோ போய்விட்டது. அந்தக் கண் என்னைப் பார்க்கவில்லை. தென்னந்தோட்டத்தில் கிடந்த சின்னப் பிள்ளையைப் பார்த்தது. உங்களுக்கு அந்த வலி யாரென்று தெரிந்துவிட்டது. ஆனாலும் நீங்கள் தலையை ஆட்டினீர்கள்.

"அது இல்ல. அது வந்துட்டுப் போயிருச்சுல்ல."

என்னிடம் சொல்லவில்லை. உங்கள் உடம்பிடம் சொன்னீர்கள்.

அன்று மாலைக்குள் கழுத்து விறைத்தது. மண்டோரின் காரில் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு குழியிலும் கார் ஏறி இறங்கும்போது உங்கள் முதுகு வளைந்ததைப் பின்சீட்டில் பிடித்துக்கொண்டே வந்தேன். கிள்ளானில் பெரிய ஆஸ்பத்திரி. விளக்கைத் தணித்த ஓர் அறை. சத்தம் கூடாது, தொடக்கூடாது, சத்தம் கேட்டாலே உடம்பு இழுக்கும் என்றார்கள். மாமா உங்களைப் பார்த்ததும் ஓவென்று அழுதார், உங்கள் உடம்பு தூக்கிப் போட்டது. அவரை வெளியே அனுப்பிவிட்டு என்னை உள்ளே விட்டார்கள். நான் அசையாமல், மூச்சையும் மெதுவாக விட்டு, உட்கார்ந்திருந்தேன். என் ஊமைத்தனத்துக்கு ஒரு வேலை கிடைத்தது அப்போதுதான். மயக்கி, தொண்டையில் குழாய் வைத்து, மூச்சுக்கு மிஷினில் போடும்வரை உங்கள் கண் திறந்தே இருந்தது. எல்லாம் உங்களுக்குத் தெரிந்துகொண்டிருந்தது. பேசத்தான் முடியவில்லை. உங்களுக்கு.

வெளியே ஒரு டாக்டர் மாமாவிடம் விவரம் கேட்டார். இளம் மலாய்ப் பெண். பிள்ளைகள் உண்டா என்றார். பிள்ளை உண்டானவர்களுக்கு அந்த ஊசியைத் தவறாமல் போடுவார்களாம், அதற்காகக் கேட்டார். மாமா இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் காபி வாங்கப் போன பிறகு, நான் டாக்டரின் பின்னாலேயே நடந்தேன். அவர் நின்று திரும்பினார். என் காது சூடாகிவிட்டது. ஆனாலும் கேட்டேன். அக்காவுக்குத்தான் இது ஏற்கனவே வந்திருக்கிறதே, உடம்புக்கு எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் நான் கேள்வி கேட்டதில்லை.

அவர் அவசரப்படவில்லை. புண்ணுக்குள் புகுந்த கிருமி அங்கேயே இருக்கும், அது கக்குகிற விஷம்தான் நரம்புக்குள் ஏறும் என்றார். மற்ற பல வியாதிகளில் உடம்பு எதிரியை நன்றாகப் பார்த்துவிடும். பார்த்து, அதைப் பிடித்து அடக்குவதற்கென்றே ரத்தத்தில் ஒன்றைச் செய்துகொள்ளும். அதற்கு ஆன்டிபோடி என்று பெயர். ஒரு முறை செய்யக் கற்றுக்கொண்டால், அடுத்த முறை எதிரி வருவதற்குள் தயாராக இருக்கும். அம்மை அப்படித்தான். ஆனால் இந்த விஷம் மிகக் கொடியது. ஆளைக் கொல்லப் போதுமான அளவுகூட, உடம்பு கவனித்துக் கற்றுக்கொள்ளப் போதாத அளவு. உடம்பு சாவின் வாசல்வரை போய்த் திரும்பிவிடும், எதனால் என்று தெரியாமலே.

நான் தராசை நினைத்தேன். தட்டில் ஒரே ஒரு பழம். அசையாத முள்.

அப்படியானால் ஊசி எப்படிக் கற்றுக்கொடுக்கும் என்று கேட்டேன். அதே விஷத்தின் கடிக்கும் குணத்தை எடுத்துவிட்டு, உருவத்தை மட்டும் வைத்து, உடம்பு கண்டுகொள்கிற அளவுக்கு உள்ளே அனுப்புவார்களாம். சாக்கு சாக்காக வைத்தால் எந்தத் தராசுதான் அசையாது? இப்போது அக்காவுக்கு என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஊசி போட்டுக்கொண்ட யார் யாருடைய ரத்தத்திலிருந்தோ எடுத்த ஆன்டிபோடி என்றார். அது இன்னும் ரத்தத்தில் ஓடுகிற விஷத்தைப் பிடிக்கும். நரம்புக்குள் போய்விட்டதை வெளியே இழுக்காது. சொல்லிவிட்டு என் தோளைத் தொட்டார். நல்ல கேள்விகள் என்றார். அந்தச் சொல்லை வாங்கிக்கொள்ள எனக்கு அப்போது கை இல்லை.

நீங்கள் திரும்பவில்லை. மிஷினிலேயே நெஞ்சில் சளி கட்டி, ஒரு விடிகாலையில் இதயம் நின்றுவிட்டது. அதுவரை பெரிய சத்தமே உங்கள் வீட்டுச் சத்தம்தான். அது நின்ற பிறகுதான் லயத்தில் மற்ற வீடுகளின் சத்தம் கேட்கத் தொடங்கியது.

அப்போதிருந்து எனக்கு ஒரு பழக்கம். காலையில் எழுந்ததும் கண்ணாடி முன் வாயைத் திறந்து, விரல்களை அடுக்கி உள்ளே நுழைகிறதா என்று பார்ப்பேன். நுழைந்தாலும் நம்பிக்கை வராது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்ப்பேன். பொறுக்கும்போது கையில் ஒரு கீறல் விழுந்தால் அன்று சோறு இறங்காது. அம்மா செருப்பில்லாமல் கொல்லைக்குப் போனால் எழுந்துபோய்ச் செருப்பை எடுத்து வைப்பேன். ஏன் என்று கேட்டால் சொல்ல மாட்டேன். உடம்பு கற்றுக்கொள்ளவில்லை என்ற அந்த ஒரு விஷயம் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது, நிற்க இடமில்லாமல்.

சாவு வீட்டில் ஒருத்தி சொன்னாள், பால்குடம் எடுக்காத வருடம் அல்லவா, மாரியம்மன் கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொண்டாள் என்று. மெதுவாகத்தான் சொன்னாள். மாமா காதில் விழுந்துவிட்டது. வேண்டாம் என்று சொன்னது அவர்தானே. அன்றிலிருந்து மாமா கோயில் வாசல்வரை போவார், உள்ளே போக மாட்டார். வேலைக்கு இரண்டு நாள் போவார், நான்கு நாள் போக மாட்டார். நான் கொண்டுபோகும் குழம்பு மறுநாள் அப்படியே இருக்கும். இந்த வருடத் திருவிழா நெருங்கியதும் என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்: அலகு குத்திக்கொள்ளப் போகிறாராம். கன்னத்தில் ஒன்று, முதுகு முழுக்கக் கொக்கி. இதுவரை அவர் ஒரு காவடிகூட எடுத்ததில்லை.

அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. சாமிக்குக் குத்துவதை நான் தப்பாக நினைக்கவில்லை அக்கா. எத்தனை பேர் குத்திக்கொண்டு நன்றாக இருக்கிறார்கள். ஆனால் மாமாவுக்கு ஊசி போட்டிருக்குமா? தினம் அரிவாளும் முள்ளுமாகக் கிடக்கிறவர், உடம்பு முழுக்க ஓட்டை போட்டுக்கொண்டு வெறுங்காலோடு நடக்கப் போகிறார். மிஸியிடம் நான் தனியாகப் போய்க் கேட்டேன். போட்டவுடனே காப்பாற்றாது, உடம்பு கற்றுக்கொள்ள நாள் வேண்டும், சீக்கிரம் கூட்டி வா என்றார். நான் வாய் திறக்காத ஒவ்வொரு நாளும் அந்த நாட்களில் ஒன்று குறைந்தது.

கூச்சம் மட்டும் என்றால் எப்படியோ சொல்லியிருப்பேன். மாமாவிடம் இது அவர் வார்த்தையால் வந்ததில்லை என்று சொன்னால், அவர் அடுத்து என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். அந்தக் கேள்விக்குத்தான் பயந்தேன். உங்கள் வீட்டுப் படிவரை போய், குழம்பை வைத்துவிட்டு, திரும்பி வந்துவிடுவேன். உங்கள் மேல்கூடக் கோபம் வந்தது. எனக்கும் சேர்த்துப் பேசுகிறேன் என்று சொன்னவர் நீங்கள்தானே.

முந்தாநாள் மாலை படியேறினேன். மாமா உங்கள் பால்குடத்தைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார். நான் பாத்திரத்தை வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். என்ன பாப்பா என்றார். குடத்தைப் பார்த்தேன், உங்களைப் பார்த்ததுபோல் இருந்தது. ஆரம்பித்தேன். டாக்டர் சொன்னதை, தராசை, ஒரு பழத்தை, அம்மை வேறு இது வேறு என்பதை, கண்டபடி முன்னும் பின்னுமாகச் சொன்னேன். தென்னந்தோட்டத்தில் பிழைத்து வந்த நாளிலிருந்தே அக்காவின் ரத்தத்தில் அந்த ஆன்டிபோடி இல்லை, பால்குடம் எடுத்த வருடங்களிலும் இல்லை, எடுக்காத வருடத்திலும் இல்லை என்றேன். மாமா துலக்குவதை நிறுத்திவிட்டார். கடைசியில் கேட்டுவிட்டார்.

"அப்ப அன்னைக்கு அந்த ஊசியப் போட்டிருந்தா, இருந்திருப்பாளா?"

உங்களுக்குக் கேட்டதா அக்கா? அந்த நேரத்தில் எனக்கு வேறு எதுவும் கேட்கவில்லை.

அன்றைய ஊசி ஒன்று மட்டும் போதுமா என்று எனக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் அந்தப் பழைய ஊசிகள், சின்ன வயதில் வரச் சொன்னவை, அவற்றைப் போட்டிருந்தால் கட்டாயம். அன்று நீங்கள் சம்மதித்திருந்தால், ஊசியையும் ஆன்டிபோடியையும் மிஸி பார்த்துச் செய்திருப்பார். அதனால் சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"இருந்திருப்பாங்க மாமா."

அவரை உடைத்துவிட்டேன் என்று நினைத்தேன். புளித் தண்ணீர் அவர் முழங்கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு அவர் குடத்தைத் தூக்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"பேச்சக் கேக்க மாட்டா பாப்பா. மிஸி சொன்னாலும் கேக்க மாட்டா, நான் சொன்னாலும் கேக்க மாட்டா. கல்யாணத்தன்னைக்கே ஐயரையே எதுத்துப் பேசுனவ."

திட்டினார். கொஞ்ச நேரம் நன்றாகவே திட்டினார். நீங்கள் போன பிறகு உங்களை யாரும் திட்டவேயில்லை அக்கா, எல்லாரும் நல்லவள் நல்லவள் என்றே பேசி உங்களை யாரோ ஆக்கிவிட்டார்கள். மாமா திட்டத் திட்ட நீங்கள் அந்த வீட்டுக்குள் திரும்பி வந்ததுபோல் இருந்தது. அப்புறம் அழுதார். சத்தமாக அழுதார். இங்கே அதற்குத் தடை இல்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்கு அந்த ஊசி போட்டதா ஞாபகமே இல்லையே என்றார்.

நேற்றுக் காலை மோட்டார் சைக்கிளில் போனோம். அதே கிளினிக், அதே மிஸி. எப்போது கடைசியாகப் போட்டது என்று மாமாவைக் கேட்டார். மாமா கையால் என்னைக் காட்டினார். "இந்தப் புள்ளயக் கேளுங்க, அதுக்குத்தான் எல்லாம் தெரியும்" என்று மலாயில் சொன்னார். நான் சொன்னேன். பெஞ்சில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள், காது சூடாயிற்று, ஆனாலும் முடிவரை சொன்னேன். அலகு குத்தப் போவதையும் சொன்னேன். புது அலகாக, கொதிக்க வைத்ததை மட்டும் குத்தச் சொல்லுங்கள், அடுத்த மாதம் இரண்டாவது ஊசிக்குக் கட்டாயம் வாருங்கள் என்றார் மிஸி. பிறகு என் பக்கம் திரும்பி, உனக்குப் படிவம் மூன்றில் பள்ளிக்கூடத்தில் போட்டிருப்பார்களே என்றார். அந்த வருடம் நான் பள்ளிக்கூடத்தில் இல்லை. எல்லாரும் வரிசையில் நின்று சட்டைக் கையைச் சுருட்டிய அன்று, நான் உங்களோடு பழம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மிஸி நாற்காலியைக் காட்டினார்.

இந்த வலி அதனால்தான். சின்ன வயதில் போட்டதை என் உடம்புக்கு இன்னும் ஞாபகம் இருக்குமாம், மறுபடி காட்டினால் வேகமாகக் கற்றுக்கொள்ளுமாம். நான் பெரியவளாகி ரத்தம் கொடுக்கும் வயது வந்ததும் கொடுக்கப் போகிறேன். எங்கேயோ விளக்கைத் தணித்த ஓர் அறையில் யாராவது கிடப்பார்கள். உங்களுக்கு யார் யாரோ கொடுத்ததுபோல.

மாமா அலகு குத்தத்தான் போகிறார். பயத்துக்கு இல்லையாம், உங்களுக்காகவாம். குடத்தை என்னை எடுக்கச் சொன்னார். நான் சரி என்று சொல்லிவிட்டேன். தெருவெல்லாம் பார்க்க நடக்க வேண்டும்.

இன்று விடிந்ததும் மாமா எங்கள் வீட்டு வேலியருகே வந்து நின்றார். கையை ஆட்ட முடியவில்லை, அரிவாளை எப்படித் தூக்குவது என்று கேட்டார். எனக்கும் அப்படித்தான் என்றேன். உன் அக்கா இருந்தால் காய்ச்சல் வரும் என்று அப்போதே சொன்னேனே என்பாள் என்றார். அங்கேயே நின்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம், குலையைப் பற்றி, மண்டோரைப் பற்றி, உங்களைப் பற்றி. அம்மா உள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார், பேசுவது நான்தானா என்று.

உள்ளே வந்து வீட்டைக் கூட்டினேன். கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினேன். எதையோ செய்யாமல் விட்டுவிட்டதுபோல் உறுத்திக்கொண்டே இருந்தது. இப்போது, இதை எழுதும்போதுதான் என்னவென்று தெரிகிறது.

காலையில் வாயைத் திறந்து பார்க்க மறந்துவிட்டேன் அக்கா.